எதை யாரிடம் சொல்லாமல் விடுவீர்கள்? கவுன்சலிங்குக்கு ஆள் தேடும் லண்டன் தமிழருக்கு நான்கு வழிகள்

"அக்கா, தமிழ் ஆளிட்டப் போறதோ, வெள்ளைக்காரரிட்டப் போறதோ?"

மாதத்தில் ஒரு தடவையாவது யாராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் ஹாமில் காய்கறிக் கடை வாசலில் கேட்டிருக்கிறார்கள். கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். நடுச்சாமத்தில் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்கள். நான் பன்னிரண்டு வருடமாக லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அதில் பெரும்பங்கு கவுன்சலிங் அறைகளில். மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூப் பெட்டி, சுவரில் ஒரு மணிக்கூடு. மூன்றாவது நாற்காலி என்னுடையது.

வாசலில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து வருந்தியிருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். சொல்லப்போகும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

## இந்தக் கவுன்சலிங் எதை நம்பி நடக்கிறது

இங்கிலாந்தில் கவுன்சலிங் என்று போனால், எதிரே உட்காருபவர் 'பர்சன்-சென்டர்ட்' முறையில் பயின்றவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆள்மைய முறை என்று வைத்துக்கொள்வோம். கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. ஒருவருக்கு எது நல்லது என்பது அவருக்கே உள்ளே தெரியும், அதைக் கண்டுபிடிக்கப் பாதுகாப்பான ஓர் உறவு கிடைத்தால் போதும் என்பது அவர் நம்பிக்கை.

அந்த உறவுக்கு என்ன வேண்டும் என்று 1957-இல் ஆறு நிபந்தனைகளை எழுதினார். அவற்றில் மூன்றுதான் பிரபலம்: எதிரே இருப்பவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்க்கும் ஒத்துணர்வு, தீர்ப்புச் சொல்லாத ஏற்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மை. என் வேலைக்கு முக்கியமாகத் தெரிவது ஆறாவது. கவுன்சலரிடம் உள்ள ஒத்துணர்வும் ஏற்பும் வந்திருப்பவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும் என்கிறது அது. அவர் மனதில் எவ்வளவு கனிவு இருந்தாலும், உங்களுக்கு எட்டாவிட்டால் வேலை நடக்காது. நிறம், மொழி, சாதி, ஊர், மதம் எல்லாம் வந்து குறுக்கே நிற்பது இந்த இடத்தில்தான்.

ரோஜர்ஸுக்கே இது நடந்ததா என்று ஒரு பெரிய விவாதம் இருக்கிறது. 1977-இல், தன் 75-வது வயதில், ஓர் இளம் கறுப்பின மனிதருடன் அவர் பேசிய இரண்டு அமர்வுகள் படமாக்கப்பட்டன. அந்த இளைஞர் ரத்தப் புற்றுநோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர். நோயைப் பற்றிப் பேசினார், அமெரிக்காவில் கறுப்பராக வாழ்ந்ததில் பட்ட காயத்தைப் பற்றியும் பேசினார். ரோஜர்ஸ் பொறுமையாக அவருடைய வலியையும் கோபத்தையும் தொடர்ந்து போனார். உள்ளே இருக்கும் உணர்ச்சியைப் பிடித்த அளவுக்கு, வெளியே இருந்த இனவெறியை அவர் பிடித்தாரா? 2004-இல் ராய் மூட்லி, காலின் லேகோ, அனிசா தலஹித்தே மூவரும் இந்த அமர்வுகளை வைத்தே ஒரு நூல் தொகுத்தார்கள். கட்டுரையாளர்கள் ஒரே உரையாடலை வேறு வேறு விதமாக வாசித்திருக்கிறார்கள். உலகத்தின் மிகச் சிறந்த செவிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தவருக்கே இந்தக் கேள்வி வந்தது என்றால், பக்கத்துத் தெரு கவுன்சலருக்கு வருவதில் வியப்பில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கவுன்சலிங்குக்கு 'ஆலோசனை' என்று பெயர். ஆள்மைய முறையில் ஆலோசனை கிடைக்காது. "நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேள்வி திரும்பி வரும். நம்மவர் பலர் முதல் வாரமே, "இவவுக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று நின்றுவிடுவது இதனால்தான். இலங்கையில் நாம் புழங்கும் 'உளவளத்துணை' என்ற சொல் இதற்கு இன்னும் கிட்டே வருகிறது. துணை கூட வரும். வழியை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

'நம்மவரா, பிறரா' என்று தொடங்கினால் முடிவுக்கு வர முடியாது. இரண்டு பக்கமும் நூறு காரணம் சொல்லலாம். நான் கேட்பவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒரு கேள்விதான்: இந்த ஆளின் முன்னால் உட்கார்ந்தால் எதைச் சொல்லாமல் விடுவீர்கள்? தமிழரிடம் மறைப்பது ஒன்று, வெள்ளைக்காரரிடம் மறைப்பது வேறொன்று. நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த பாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதை மறைக்கத் தேவையில்லாத ஆளைத் தேடுங்கள்.

அதற்கடுத்து மொழி. கோபம் எந்த மொழியில் வருகிறது, அழுகை எந்த மொழியில் வருகிறது என்று யோசியுங்கள். பலருக்கு இரண்டும் ஒரே மொழியில் வருவதில்லை. பிறகு இனவெறி: உங்கள் வலியில் அதற்குப் பங்கு இருந்தால், கேட்பவர் அதை நம்புவாரா, இல்லை நிரூபிக்கச் சொல்வாரா? அப்புறம் ரகசியம், பணம், காத்திருப்பு, தகுதி. இவற்றைக் கடைசியில் பட்டியலாகவே தருகிறேன்.

## வழி 1: தமிழ் பேசும் தமிழர்

அம்மா செத்த வருடம் நானே இந்த வழியில்தான் போனேன். அன்பான பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"நீங்கள் ஊரில எவடம்?"

சொன்னேன்.

"ஓ, அங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலயோ, கோயிலடியோ?"

யாழ்ப்பாணத்தவருக்கு இந்த இரண்டு கேள்வியும் என்ன என்று விளக்கத் தேவையில்லை. ஊர் தெரிந்தால் பாதி தெரிந்தது. ஊருக்குள் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சாதி, சொந்தம், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை தெரிந்துவிடும். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. என்னை இலகுவாக்கத்தான் கேட்டார். ஆனால் அந்த நிமிடத்தில் நான் ஒரு வீட்டு மகளாகிவிட்டேன். "அம்மா போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது" என்று சொல்லத்தான் நான் அங்கே போனேன். பத்து வருடம் படுக்கையில் பார்த்த அம்மா. ஆறு வாரம் போனேன், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு யார் யார் வந்தார்கள் என்று பேசினோம்.

இந்த வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்ச மாதிரி", "மனம் ஒரு நிலையில நிக்குதில்லை" என்று சொன்னால் அது அப்படியே போய்ச் சேரும். மாமியார் என்றால் என்ன, சீட்டுக் காசு என்றால் என்ன, தங்கச்சி கலியாணம் முடியாமல் அண்ணன் ஏன் கட்டாமல் இருக்கிறான் என்று பாடம் எடுக்க வேண்டாம். வன்னியில் 2009-இல் என்ன நடந்தது என்று தலைப்புச் செய்தியிலிருந்து தொடங்க வேண்டாம். வயதானவர்களுக்கும், புதிதாக வந்தவர்களுக்கும், ஆங்கிலம் வேலைத்தலத்தோடு நின்றுபோனவர்களுக்கும் முதலில் நான் சொல்வது இந்த வழியைத்தான்.

கணக்கில் வராத செலவுகள் இவை. சாதியால் காயம்பட்டவர், எதிரே இருப்பவரின் சாதியை அளந்துகொண்டே பேச வேண்டியிருக்கும். பேசுவதில் பாதிச் சக்தி அதற்கே போய்விடும். இயக்கத்தில் இருந்தவர், வேறு இயக்கத்தில் இருந்தவர், இயக்கத்தால் பாதிக்கப்பட்டவர் எல்லோரும் இதே நகரத்தில்தான் இருக்கிறார்கள். ஒருபால் உறவு, கலப்புத் திருமணம், மணமுறிவு என்று வந்தால், 'இவர் வெளியே சொல்ல மாட்டார்' என்று அறிவுக்குத் தெரிந்தாலும் வாய் திறக்காது. இன்னொன்று, ஒத்துணர்வுக்குப் பதிலாக அனுமானம் வந்து உட்கார்ந்துவிடும் ஆபத்து. "எங்கட ஆக்களுக்குத் தெரியும்தானே" என்று கவுன்சலர் தலையாட்டும்போது, நீங்கள் சொல்ல வந்தது வேறாக இருக்கலாம்.

'அக்கா' என்று கூப்பிடுவதும் அப்படித்தான். அந்தச் சொல் உடனே ஒரு நெருக்கத்தைத் தருகிறது. கூடவே அக்காவுக்கு மரியாதை தர வேண்டும், அக்காவிடம் கோபப்படக் கூடாது என்ற கடமையும் வந்துவிடுகிறது. கவுன்சலர்மேல் கோபம் வந்தால் அதை அவரிடமே சொல்ல முடிவது ஆள்மைய முறையின் பெரிய வாய்ப்புகளில் ஒன்று. அக்காவிடம் அது நடக்காது.

இதற்குள்ளேயே ஓர் உபவழி உண்டு, பலர் யோசிப்பதில்லை. ஈழத்தவருக்கு ஊர்ப் பயம் இருந்தால், சென்னையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்து இங்கே பதிவு பெற்ற தமிழ்க் கவுன்சலரைத் தேடலாம். மொழி கிடைக்கும், "எவடம்" வராது. "விசர்", "கதைக்கிறது", "அந்தரம்" போன்ற சொற்களை இடையிடையே விளக்க வேண்டியிருக்கும்; அது சமாளிக்கக்கூடியது. தமிழ்நாட்டவருக்கும் இதே வழி மறுபுறமாகப் பொருந்தும்.

## வழி 2: வெள்ளையினக் கவுன்சலர், ஆங்கிலத்தில்

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வழியே அல்ல, வழக்கம். அவர்களுக்கு ஆங்கிலம்தான் மனதின் மொழி. பெற்றோரைப் பற்றிப் பேச வந்த பிள்ளைக்குப் பெற்றோர் வயதுத் தமிழரை எதிரே உட்கார வைப்பது பல நேரம் கொடுமை.

பெரியவர்களுக்கும் ஒரு விடுதலை உண்டு. உங்கள் ஊர் அவருக்கு வரைபடத்தில்கூடத் தெரியாது. உங்கள் அப்பா யார் என்று தெரியாது. கணவரை விட்டுப் போக நினைப்பதைச் சொன்னால் அவர் முகத்தில் நம் சனம் எட்டிப் பார்க்காது.

ஆனால் இங்கே மறைப்பது வேறு. மதத்தை மறைப்போம்: கனவில் அம்மாச்சி வந்ததை, செய்வினைப் பயத்தை, நேர்த்திக்கடனைச் சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்று. வீட்டில் நடந்த அடிதடியை மறைப்போம்: 'ஆசியர்கள் இப்படித்தான்' என்று நினைத்துவிடுவாரோ என்று. எல்லாவற்றையும்விட அதிகமாக, வெள்ளைக்காரர்கள் செய்ததை மறைப்போம்.

நான் மொழிபெயர்க்கப் போன ஓர் அறையில் நடந்தது இது. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்த தமிழர் ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயது. கூட வேலை செய்பவர்கள் அவர் பேச்சை அவருக்கு முன்னாலேயே நடித்துச் சிரிப்பார்கள், இரவு முறை முழுவதும் அவர் தலையில் கட்டுவார்கள். ஐந்தாவது வாரம்தான் அதைத் தொட்டார். வெள்ளையினப் பெண் கவுன்சலர், நல்லவர், கவனமாகக் கேட்டார். பிறகு மென்மையாக, "அவர்கள் அதை வேண்டுமென்று செய்ததாக உணர்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் உள்ளே போய்ப் பார்க்கட்டும் என்று திறந்துவிட்ட கேள்வி அது. அவருக்கோ போலீஸ் கேட்டது மாதிரி விழுந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் அது சமாதானமான சொல்லாகப் போய் விழுந்தது. தமிழில் அது கதவைச் சாத்தும் சத்தம். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

ஆள்மைய முறைக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. வந்தவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதைத்தான் கவுன்சலர் தொடர்வார், தானாக எதையும் எடுத்து வைக்க மாட்டார். அதனால் 'நீங்கள் பேசினால் நான் பேசுகிறேன்' என்று அவர் காத்திருப்பார். 'இவரிடம் பேசலாமா' என்று நீங்கள் காத்திருப்பீர்கள். அறையில் இரண்டு நிறம் இருப்பது இருவருக்கும் தெரியும், மாதக்கணக்கில் யாரும் அதைச் சொல்லாமலே போகும். நேர்மை என்பதையும் ரோஜர்ஸ் நிபந்தனையாக வைத்திருக்கிறார் என்பதால், "நான் வெள்ளைக்காரி, நீங்கள் தமிழர், இது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கவுன்சலரே கேட்பது முறைக்கு உட்பட்டதுதான் என்று வாதிடுபவர்கள் அந்தத் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களின் அறையில் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள்.

1998-இல் மெலனி டெர்வலான், ஜான் முர்ரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 'பண்பாட்டுப் பணிவு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். பிறர் பண்பாட்டை ஒரு பாடமாகப் படித்து முடித்துவிட்டதாக நினைக்காமல், கடைசிவரை கற்றுக்கொள்பவராக இருப்பது. இந்த வழியில் போகும்போது தேட வேண்டியது அந்தப் பணிவைத்தான். தீபாவளி என்றைக்கு என்று தெரிந்து வைத்திருப்பது பெரிய விஷயம் இல்லை.

## வழி 3: மொழிபெயர்ப்பாளர் நடுவில்

என் வேலை. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

பொது மருத்துவச் சேவையில், அதாவது என்.எச்.எஸ்.இல், மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. கேட்டால் ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. வீட்டு ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் தற்கொலை எண்ணத்தை மகன் வாயால் டாக்டரிடம் சொல்ல வைத்த கதைகள் எனக்குத் தெரியும்.

நாங்கள் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை. நீங்கள் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்வோம். முதல் தடவை கேட்கும்போது திடுக்கிடும். இரண்டாம் வாரம் பழகிவிடும். ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்கள்'உம் ஒன்றுதான். இருபத்தைந்து வயதுக் கவுன்சலர் அறுபது வயது ஐயாவிடம் பேசும்போது, மரியாதையை எங்கே எவ்வளவு வைப்பது என்று முடிவெடுப்பது நாங்கள். அந்த அளவில் உங்களுக்குப் போய்ச் சேரும் கனிவில் எங்கள் பங்கும் கலந்திருக்கிறது.

முதலில் நேரம் பாதியாகும். ஐம்பது நிமிட அமர்வில் எல்லாமே இரண்டு தடவை சொல்லப்படுவதால் இருபத்தைந்து நிமிடம்தான் மிச்சம். நீண்ட அமர்வு தர முடியுமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். அடுத்தது, ஆள் மாறிக்கொண்டே இருப்பது. போன வாரம் நான், இந்த வாரம் வேறொருவர் என்றால், உங்கள் கதை தெரிந்தவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஒரே மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று கேட்கலாம். பெண்தான் வேண்டும் என்று கேட்கலாம். தொலைபேசி வழியாக, உங்கள் பெயர் தெரியாத ஒருவர் போதும் என்றும் கேட்கலாம். ஊர்ப் பயம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. மூன்றாவது, வழி 1-இல் சொன்ன "எவடம்" பயம் இங்கேயும் உண்டு. அகதி விண்ணப்பம் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

ஆங்கிலம் கடையில், பஸ்ஸில் போதும், அழுகைக்குப் போதாது என்பவர்கள், பணம் கட்டித் தனியார் தமிழ்க் கவுன்சலரிடம் போக முடியாவிட்டால், தயங்காமல் இதை எடுக்கலாம். சித்திரவதையிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக 1985-இல் ஹெலன் பம்பர் தொடங்கிய, இன்று 'ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர்' என்று அழைக்கப்படும் அமைப்பு மொழிபெயர்ப்பாளர்களோடு வேலை செய்வதில் நீண்ட பழக்கம் உள்ளது. அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாவது நாற்காலி தடையாக இருப்பதில்லை.

## வழி 4: தமிழரும் அல்ல, வெள்ளையரும் அல்ல

ஆறு வாரம் தமிழ்க் கவுன்சலரிடம் போய் நிறுத்திய பிறகு, எட்டு மாதம் கழித்து நான் போனது கரீபியன் வழிவந்த ஒரு பெண்ணிடம். ஆள்மைய முறையில் பயின்றவர். மூன்றாவது வாரம், "நிம்மதி" என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. அந்த மாறாத முகத்துக்குத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன் என்று அன்று விளங்கியது.

விளக்குவதற்கு நேரம் போனது உண்மை. எட்டுச் செலவு என்றால் என்ன, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு என்ன செய்வார்கள் என்று சொல்ல ஒரு நாள் கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. கட்டிய காசுக்குக் கணக்குப் பார்த்தால் நட்டம். ஆனால் "அன்று என்ன சமைத்தீர்கள்?" என்று அவர் கேட்டார். அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், கத்தரிக்காய், பயத்தங்காய், தோசை. கடைசி மூன்று வருடம் அம்மா குழாய் வழியாகத்தான் சாப்பிட்டார். அவர் வாயில் வைக்க முடியாததையெல்லாம் இலையில் வைத்திருக்கிறோம். தமிழரிடம் 'படைத்தோம்' என்ற ஒரு சொல்லோடு போயிருக்கும். தெரியாதவருக்கு விளக்கியதால் எனக்கே அன்றுதான் அது தெரிந்தது. அன்றுதான் அழுதேன்.

இனவெறி பற்றிப் பேச இந்த வழியில் நிரூபணம் தேவைப்படுவது குறைவு. கடையில் பின்னால் காவலாளி வந்தது, பெயரைச் சரியாகச் சொல்ல மறுத்தது என்று தொடங்கினாலே போதும், அந்த உலகம் அவருக்குத் தெரியும். ஆனால் கறுப்பினத்தவரை நம் வீடுகளில் எப்படிப் பேசுகிறோம் என்பதை அவரிடம் சொல்ல வெட்கப்படுவீர்கள். அப்பாவின் நிற வெறி உங்கள் கதையில் இருந்தால் இங்கே அதைத்தான் மறைப்பீர்கள். தெற்காசியக் கவுன்சலர் என்றால் வேறு தயக்கம்: வட இந்தியர் சிலருக்கு 'சிலோன்' என்ற சொல்லோடு பாடம் முடிந்துவிடும். சிங்களவர் ஒருவரிடம் போகலாமா என்றும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். போனவர்கள் உண்டு, ஆழமான வேலை நடந்ததும் உண்டு. ஆனால் அதைப் பிறர் சொல்லிச் செய்யக் கூடாது.

எங்கே தேடுவது? லண்டனில் 'நாஃப்சியாத்' என்ற மையம் 1983-இல், நம்மில் பலர் இந்த நாட்டுக்கு ஓடி வரத் தொடங்கிய அதே வருடத்தில், ஜாஃபர் கரீம் என்பவரால் இதற்கென்றே தொடங்கப்பட்டது: இனமும் பண்பாடும் சிகிச்சையின் நடுவில் இருக்க வேண்டும் என்று. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வேலை செய்கிறார்கள். நீங்கள் கேட்கும் நேரத்தில் தமிழ் உண்டா என்று விசாரியுங்கள். 2003-இல் யூஜீன் எல்லிஸ் தொடங்கிய கறுப்பின, ஆப்பிரிக்க, ஆசியத் தெரபிஸ்டுகளின் வலையமைப்பு, பெயர்ப்பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது.

## பணம், காத்திருப்பு, ரகசியம்

| வழி | செலவு | காத்திருப்பு | ரகசியத்தில் கவனிக்க |
|---|---|---|---|
| தமிழ்க் கவுன்சலர் | பெரும்பாலும் தனியார். லண்டனில் அமர்வுக்கு 50 பவுண்டும் அதற்கு மேலும் சாதாரணம் | ஆட்கள் குறைவு, நல்லவர்களிடம் இடம் கிடைப்பது கடினம் | கோயில், பள்ளிக்கூடம், கலியாண வீட்டில் சந்திப்பீர்கள் |
| வெள்ளையினக் கவுன்சலர் | என்.எச்.எஸ்.இல் இலவசம், தனியார் அதே விலை | என்.எச்.எஸ்.: 75% பேருக்கு 6 வாரத்தில், 95% பேருக்கு 18 வாரத்தில் தொடங்க வேண்டும் என்பது இலக்கு | ஊர் ஆபத்து இல்லை, மருத்துவப் பதிவில் ஏறும் |
| மொழிபெயர்ப்பாளருடன் | என்.எச்.எஸ்.இல் இலவசம் | மேலே உள்ளதோடு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும் நாளும் சேரும் | ஒரே ஆளைக் கேட்டு வாங்குங்கள் |
| வேறு இனக் கவுன்சலர் | தனியார், அல்லது அறக்கட்டளை மையங்களில் குறைந்த விலை | மையங்களில் நீளம். சில இடங்கள் குடியிருக்கும் பகுதியைப் பொறுத்தவை | பொதுவாகப் பிரச்சினை இல்லை |

பணத்தைவிட முக்கியமான ஒன்று தகுதி. இந்த நாட்டில் 'கவுன்சலர்', 'சைக்கோதெரபிஸ்ட்' என்ற பட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். பி.ஏ.சி.பி., யு.கே.சி.பி. போன்ற தொழில் அமைப்புகளின் பதிவேடுகளில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'நம்ம ஆள்தானே' என்று இதை விட்டுவிடாதீர்கள். நம்ம ஆள் என்பதால்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

## ஆள்மைய முறையே பொருந்தாத இடம்

சில நேரம் கேள்வி 'யாரிடம்' என்பது அல்ல, 'எதற்கு' என்பது. போர், சித்திரவதை, வன்புணர்வு நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், அது மனவடு. அதற்கு இங்குள்ள மருத்துவ வழிகாட்டல் பரிந்துரைப்பது மனவடுவை மையப்படுத்திய சிபிடி (சிந்தனையையும் நடத்தையையும் பயிற்சியால் மாற்றும் முறை), இஎம்டிஆர் (கண்ணசைவைக் கொண்டு நினைவின் தாக்கத்தைக் குறைக்கும் முறை) போன்றவற்றை. மனச்சோர்வுக்கு ஆள்மைய முறை நன்றாகவே நிற்கிறது: ஷெஃபீல்டில் 510 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் அது சிபிடிக்குக் குறைந்ததாக இல்லை, ஒரு வருடத்தில் சிபிடி கொஞ்சம் முன்னே நின்றது. வீட்டுப்பாடம், பயிற்சி, தெளிவான படிகள் வேண்டும் என்பவர்கள் சிபிடியைக் கேட்டு வாங்கலாம்.

உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒப்பீட்டையெல்லாம் விடுங்கள். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள், உடனடி ஆபத்து என்றால் 999.

## முதல் அழைப்பில்

பலர் பத்து, பதினைந்து நிமிடம் இலவசமாகப் பேசுவார்கள். அதில் கேளுங்கள்: "இனவெறி பற்றியோ சாதி பற்றியோ நான் பேச வேண்டியிருக்கும். அதைப் பேசி உங்களுக்குப் பழக்கம் உண்டா?" பதிலைவிட, பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். "நான் நிறம் பார்ப்பதில்லை, எல்லோரும் மனிதர்கள்தான்" என்று வந்தால், நல்ல மனதோடு சொன்னாலும், வேறு ஆளைப் பாருங்கள். உங்களில் ஒரு பகுதியைப் பார்க்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். "எனக்கு எல்லாம் தெரியாது, நான் தவறாகப் புரிந்துகொண்டால் சொல்வீர்களா?" என்று கேட்பவரிடம் போகலாம். தமிழ்க் கவுன்சலரிடம், "வெளியில் சந்தித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல கவுன்சலர் இதற்கு முன்பே யோசித்து வைத்திருப்பார்.

மூன்று, நான்கு வாரம் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, "இன்றைக்கு எதைச் சொல்லவில்லை?" என்று யோசியுங்கள். நான்கு வாரமும் அதே விஷயம் நின்றால், ஆளை மாற்றுங்கள். அதற்காக அவர் மனம் நோகும் என்று பார்க்க வேண்டாம்.

போன வருடம் ஓர் அறையில், நான் வழக்கம்போல மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். என் வயதுப் பெண். இரண்டு வாரம் தரையைப் பார்த்தபடியே பேசியவர், மூன்றாம் வாரம் நிமிர்ந்து கவுன்சலரைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "எனக்கு இந்த அக்கா வேண்டாம். இவவுக்கு என்ர மாமியாரைத் தெரியும் எண்டு நினைக்கிறன். வேற ஆள் வேணும்." அவருடைய மாமியாரை எனக்குத் தெரியாது. அதைச் சொல்வது என் வேலை அல்ல. "எனக்கு" என்று தொடங்கி, ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கவுன்சலர் தலையசைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கதவுக்கு வரும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.